சல்லடையும் பீடமும்: பெனடிக்ட் சபைக் கன்னியரின் அன்றாடம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஆசீர்வாதப்பர் செய்த முதல் அற்புதம் ஒரு சல்லடையை ஒட்டவைத்தது. முடவன் எழுந்து நடக்கவில்லை, கடல் பிளக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் எழுதிய 'உரையாடல்கள்' நூலின் இரண்டாம் பாகம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ரோமாபுரிப் படிப்பை உதறிவிட்டு வந்த இளைஞர் பெனடிக்ட், கூடவே வந்த செவிலித்தாயோடு ஒரு சிற்றூரில் தங்குகிறார். அந்தம்மா கோதுமை சலிக்க அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஒரு சல்லடை இரவல் வாங்கி மேசைமேல் வைக்க, அது தவறி விழுந்து இரண்டாகிறது. இரவல் சாமான், அவள் அழுகிறாள். பெனடிக்ட் துண்டுகளை எடுத்துவைத்துச் செபிக்கிறார், சல்லடை முழுசாகிவிடுகிறது. ஊர் ஜனம் அதைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் தொங்கவிடுகிறது. பல வருஷம் அங்கேயே தொங்கியது என்கிறார் கிரகோரியார்.

பக்திப் பிரசுரங்கள் இக்கதையைக் கருணைக்கு உதாரணமாகச் சொல்லும். சரி, இருக்கட்டும். ஆனால் இரவல் கொடுத்தவளுக்குச் சல்லடை திரும்பக் கிடைச்சுதா என்று பிரதி சொல்வதில்லை. ஒரு பொருள் புனிதமானது. அதே கணத்தில் அது சமையற்கட்டிலிருந்து காணாமல்போனது. கோதுமை சலித்துக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. வாசலில் தொங்க ஆரம்பித்தபின் எல்லாரும் பார்த்தார்கள், யாரும் சலிக்கவில்லை. அடுத்து நடந்ததும் முக்கியம். புகழ் பிடிக்காத பெனடிக்ட் யாரிடமும் சொல்லாமல் சுபியாக்கோ குகைக்குப் போய்விடுகிறார். யாரிடமும் சொல்லாமல் என்றால் அந்தச் செவிலித்தாயிடமும் சொல்லாமல்தான். சமைத்துப்போட்டவள் கதையிலிருந்து அத்தோடு வெளியேறுகிறாள்.

அன்றாடத்தின் ஆன்மிகம் என்று இன்று மேற்கில் பெருகிக் கிடக்கும் எழுத்துகளை, முக்கியமாக அமெரிக்காவின் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடங்களிலிருந்தும் அவற்றைச் சுற்றியும் வந்த பிரதிகளை, இந்தச் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப்பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் தவமே என்று ஒரு பிரதி சொல்லும்போது அந்தப் பாத்திரம் என்ன ஆகிறது, கழுவுகிறவள் என்ன ஆகிறாள் என்பதே கேள்வி.

2

நமக்கு அறிமுகமான பெனடிக்ட் மரபு வேறு மாதிரியானது. குளித்தலைப் பக்கம் காவிரிக்கரைச் சாந்திவனம், 1950-இல் அதைத் தொடங்கிய மோன்ஷனென், அபிஷிக்தானந்தர் என்றான ஹென்றி லெ சோ, 1968-இல் வந்து 1993-இல் அங்கேயே காலமான பீட் கிரிபித்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். இவர்களில் லெ சோவும் கிரிபித்ஸும் பெனடிக்ட் சபைத் துறவிகள். காவி, மௌனம், குகை, அத்வைதம் என்று உயரத்தையும் ஆழத்தையும் தேடிய மரபு அது. அதன்மேல் நமக்கு விமர்சனமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அதே சபையின் பெண்கள் உயரத்தைப் பற்றி எழுதாமல் அடுப்படி, மணியோசை, தாமதமாக வருகிறவள், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிடிக்காத முகம் இவற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நம் பக்கம் பேசப்படவே இல்லை.

மூன்று பெயர்களைச் சொல்லலாம். முதலாமவர் பென்சில்வேனியாவின் ஈரி நகர மடத்தைச் சேர்ந்த ஜோன் சிட்டிஸ்டர். 1936-இல் பிறந்தவர், 1978 முதல் 1990 வரை அம்மடத்தின் தலைவி. அன்றாடத்திலிருந்து வடித்தெடுத்த ஞானம் என்று பொருள்படும் தலைப்பில் 1990-இல் அவர் எழுதிய புத்தகம், செவிமடுத்தல், வேலை, ஓய்வு, விருந்தோம்பல், கீழ்ப்படிதல் என்று ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலை அத்தியாயம் அத்தியாயமாகச் சாதாரண வாழ்க்கைக்கு இழுத்துவருகிறது. இரண்டாமவர் ஆர்கன்சாவின் போர்ட் ஸ்மித் மடத்தைச் சேர்ந்த மக்ரீனா வீடர்கேர். 1988-இல் வந்த அவருடைய நூல், சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுபோல் நாளின் சில்லறைக் கணங்களைச் சேர்க்கச் சொல்வது. மூன்றாமவர் கேத்லீன் நோரிஸ். இவர் கன்னியரல்ல, கல்யாணமான புராட்டஸ்டண்ட் கவிஞர். வட டகோட்டாவின் ஒரு பெனடிக்ட் மடத்தோடு இல்லறத்தார் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டவர். துணி துவைத்தல், வழிபாடு, பெண்கள் வேலை மூன்றையும் இணைத்து 1998-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு சின்னப் புத்தகமாகவும் வந்தது.

இவை எல்லாம் பின்னால் நிற்கும் ஒரே பிரதியின் மறுவாசிப்புகள். அந்தப் பிரதியைத் தொடாமல் இவற்றைப் பேச முடியாது.

3

பெனடிக்டின் ஒழுங்குநூல் 73 சிறு அத்தியாயங்கள் கொண்டது. ஆறாம் நூற்றாண்டு. ஞானநூல் என்று நினைத்துத் திறக்கிறவர் ஏமாந்துபோவார். ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் ரொட்டி, சமைத்த பதார்த்தம் இரண்டு (ஒன்று ஒத்துக்கொள்ளாதவன் மற்றதைச் சாப்பிடட்டும் என்பதற்காக), திராட்சரசம் இவ்வளவு, தூங்கும்போது இடுப்பில் கத்தி இருக்கக்கூடாது, தூக்கத்தில் குத்திக்கொள்ளக்கூடும். மடத்தில் செய்த பொருளை வெளியே விற்கும்போது ஊரார் விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விற்க வேண்டும். இப்படியே போகும்.

இதில் இரண்டு இடங்கள் நமக்கு முக்கியம். ஒன்று 31-ஆம் அத்தியாயம். மடத்தின் உக்கிராணக்காரர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து, மடத்துப் பாத்திரபண்டங்கள் அத்தனையையும் பீடத்துப் பாத்திரங்களாகவே அவர் கருதவேண்டும் என்கிறது. அன்றாட ஆன்மிகம் பேசும் எல்லாப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் தவறாமல் ஆஜராகும். ஆனால் அடுத்த அத்தியாயம் பெரும்பாலும் ஆஜராவதில்லை. அது என்ன சொல்கிறது? மடத்துத் தலைவர் கருவிகளுக்கும் உடைகளுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது கொடுத்தது என்ன வாங்கியது என்ன என்று தெரியவேண்டும். அதாவது புனிதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. பானையைப் பீடத்துக் கிண்ணம்போல் நடத்து என்பதற்கு இங்கே அர்த்தம், அதைத் தொலைக்காதே, கறையோடு வைக்காதே, எண்ணி வாங்கி எண்ணிக் கொடு. பானை இங்கே பானைதான். எதற்கும் குறியீடல்ல.

இரண்டாவது இடம் 35-ஆம் அத்தியாயம், சமையற்கட்டு முறைப்பணி. நோயோ தட்டமுடியாத வேறு முக்கிய வேலையோ இருந்தாலொழிய யாருக்கும் விலக்கு இல்லை. வாரம் ஒருவர் முறை. முறை முடிகிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம்செய்ய வேண்டும், கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும், முறை ஏற்க வருகிறவரோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைத் தேய்த்து முழுசாக உக்கிராணக்காரரிடம் ஒப்படைக்க, அவர் அடுத்தவரிடம் எண்ணிக் கொடுப்பார். ஞாயிறு காலைச் செபம் முடிந்ததும் இருவரும் எல்லார் முன்பும் மண்டியிட்டு வேண்டிக்கொள்வார்கள். இன்னொன்று, பரிமாறுகிற முறைக்காரருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கூடுதலாகக் கொஞ்சம் பானமும் ரொட்டியும் உண்டு. எதுக்கு? முணுமுணுக்காமல் வேலை செய்யத்தான்.

முணுமுணுப்பு இந்தப் பிரதியின் பெரிய பயம். காமத்தைவிட இதைப் பற்றித்தான் பெனடிக்ட் அடிக்கடி கவலைப்படுகிறார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு அவர் உபதேசம் மட்டும் செய்வதில்லை, முதலில் ரொட்டி கொடுக்கிறார். பசித்த வயிற்றோடு பிறருக்குப் பரிமாறுவதில் ஒரு நியாயமான கசப்பு உண்டு என்பதை ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தப் பிரதி ஒத்துக்கொள்கிறது. நமது வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு இந்த ஒப்புதல் இன்னமும் கிடைத்தபாடில்லை.

ஆக ஒழுங்குநூல் அடுப்படிக்குக் கொடுக்கும் புனிதத்துக்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. வேலை எல்லாருக்கும் முறைவைத்து வரும், ஒருநாள் முடியும், முடிந்ததை எல்லாரும் சாட்சியாக நின்று பார்ப்பார்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் 'வேலையே செபம்' என்று சொல்வது வேறொரு பேச்சு. அது ஆதிக்கத்தின் பேச்சு என்றே படுகிறது.

4

'ஒழுங்குநூலை இப்படிக் கொண்டாடுகிறாயே, ஃபூக்கோவை மறந்தாச்சா?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மறக்கவில்லை. பள்ளிக்கூடம், பட்டறை, மருத்துவமனை, சிறை அனைத்துக்கும் கால அட்டவணையைக் கொடுத்தது துறவுமடம்தான் என்று 1975-இல் வெளிவந்த தனது சிறைச்சாலை ஆய்வில் அவர் காட்டினார். அதற்கு முன்பே 1934-இல் லூயிஸ் மம்போர்ட், நவீன இயந்திர யுகத்தின் ஆதார எந்திரம் நீராவி எஞ்சின் அல்ல கடிகாரம் என்றும், கடிகாரத்தின் தாளம் பெனடிக்ட் மடங்களின் மணியடிப்பில் தொடங்குகிறது என்றும் எழுதினார். உடலை மணிக்கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வேலையை ஒட்டவைத்த பிரதி இது என்பதில் சந்தேகமில்லை. மெய்வருத்தத் தண்டனையும் இதில் உண்டு. தாமதமாக வருகிறவன் தனியிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கவும் வேண்டும்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். தொழிற்சாலைச் சங்கு இன்னும் கொஞ்சம் வேலை செய் என்று கூப்பிடுகிறது. மடத்து மணி வேலையை நிறுத்து என்று கூப்பிடுகிறது. மணி அடித்ததும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் செபத்துக்கு வா என்கிறது 43-ஆம் அத்தியாயம். முடிக்காமல் எழுந்துபோகச் சொல்லும் ஒழுங்கு, உபரியைக் கறக்கும் ஒழுங்காக எளிதில் மாறாது. இந்த நுணுக்கத்தைச் சிட்டிஸ்டர் நன்றாகவே பிடித்திருக்கிறார். வேலைக்குப் பக்கத்திலேயே ஓய்வை ஒரு கடமையாக அவர் வைப்பது அதனால்தான். அவருடைய வாசகர்கள் பலரும் அலுவலகங்களில் மூச்சுத்திணறும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தினர். அவர்கள் கையில் இது என்னவாக மாறியது என்பது வேறு விஷயம். 'சமநிலை', 'மனக்கவனம்' என்ற பெயர்களில் வார இறுதி முகாம்களில் விற்கப்படும் சரக்காக ஒழுங்குநூல் ஆகிப்போனது. திங்கட்கிழமை அதே மேசைக்கு இன்னும் உற்சாகமாகத் திரும்பிப்போக ஒரு டானிக். வேலையை நிறுத்தச் சொன்ன மணி, வேலையைத் தாங்கச் சொல்லும் மணியாகிவிட்டது.

5

இப்போது பெண்களிடம் வருவோம். முறைவைத்துச் சமைத்தல் ஆண் துறவிகளுக்காக எழுதப்பட்ட விதி. அது வீட்டிலிருந்து தப்பி வந்த ஆணை அடுப்படிக்குள் தள்ளியது என்ற அளவில் புரட்சிதான். ஆனால் சரித்திரம் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. ஐரோப்பியக் கன்னியர் மடங்களில் இரண்டு வகுப்பு வந்தது. படித்த, சீதனம் கொண்டுவந்த கன்னியர் லத்தீனில் செபம் பாடினார்கள். ஏழைவீட்டுப் பெண்கள் 'வேலைக்காரச் சகோதரிகளாக' இருந்து சமைத்தார்கள், துவைத்தார்கள், தோட்டம் கொத்தினார்கள். பாடுகிறவளுக்கு ஒரு இருக்கை, தேய்க்கிறவளுக்கு ஒரு இருக்கை. இந்த இரு வகுப்பையும் ஒன்றாக்கச் சொல்லி இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆணையிட 1965 வரை ஆகவேண்டியிருந்தது. பாத்திரங்கள் பீடத்துக் கிண்ணங்களாக இருந்த காலம் நெடுகிலும் அவற்றைத் தேய்த்தவள் பீடத்துக்குப் பக்கத்தில் வர முடியவில்லை.

அமெரிக்கக் கதை இன்னும் சிக்கல். 1852-இல் பவேரியாவின் ஐக்ஸ்டெட் மடத்திலிருந்து பெனடிக்டா ரீப் என்ற இளம் கன்னியர் இரண்டு தோழியரோடு பென்சில்வேனியாவின் செயின்ட் மேரீஸ் என்ற குடியேற்ற ஊருக்கு வந்தார். ஜெர்மன் குடியேறிகளின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த. கூப்பிட்டவர் போனிபேஸ் விம்மர், 1846-இலேயே வந்து ஆண் மடத்தை நிறுவியவர். மடத்துக்கு யாரைச் சேர்ப்பது, யாரை எங்கே அனுப்புவது, பணம் யார் கையில் என்று எல்லாவற்றிலும் விம்மர் தலையிட, ரீப் எதிர்த்தார். 1857-இல் ஐரோப்பாவுக்கே போய் முறையிட்டும் பலனில்லை. 1859-இல் ரோமாபுரி சொன்ன தீர்ப்பு விம்மருக்கும் முழு வெற்றியில்லை, ரீப்புக்கு வெற்றியே இல்லை. அமெரிக்கக் கன்னியர் உள்ளூர் ஆயர்களின் அதிகாரத்துக்கு உட்படுவார்கள், அவர்களுக்கு முழுத் துறவியின் பெரிய வார்த்தைப்பாடு கிடையாது, சிறிய வார்த்தைப்பாடுதான். வகுப்பறையும் சமையற்கட்டும் உண்டு, துறவிக்குரிய முழு அந்தஸ்து இல்லை. ரீப் 1862-இல் மினசோட்டாவில் இறந்தபோது வயது நாற்பதைத் தொடவில்லை.

அதோடு நிற்கவில்லை. 1931-இல் அதே ஐக்ஸ்டெட்டிலிருந்து இன்னொரு கன்னியர் குழு வந்தது. எதுக்கு? விம்மர் நிறுவிய செயின்ட் வின்சென்ட் ஆண் மடத்திலும் அதன் கல்லூரியிலும் சமைத்துப்போட. பல பத்தாண்டுகள் சமைத்தார்கள். யாருக்கும் விலக்கில்லை என்று சொல்லும் 35-ஆம் அத்தியாயத்தைப் படித்த ஆண்களுக்கு, அதே நூலைப் படித்த பெண்கள் முறையே இல்லாமல் சமைத்துப்போட்டார்கள். இதைக் கபட நாடகம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பிரச்சினை தனிமனிதர்களின் கபடத்தில் இல்லை. 'சேவை' என்ற சொல் பெண்ணுடம்பின்மேல் விழும்போது அதிலிருந்த முறைவைப்பு கழன்று விழுந்துவிடுகிறது. சில்வியா ஃபெடரிசி 1975-இல் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு எழுதிய சிறு பிரசுரத்தின் சாரமும் இதுதான். அன்பு என்று பெயர் வைத்ததும் அது வேலையென்று தெரியாமல்போகும். அன்புக்குப் பதில் தவம் என்று பெயர் வைத்தால் மட்டும் தெரிந்துவிடுமா என்ன?

6

இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு பிரதிகளுக்குத் திரும்பினால், அவற்றின் பலமும் பலவீனமும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெரிகின்றன.

நோரிஸ் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஒரு கத்தோலிக்கத் திருமணத்துக்குப் போனவர், நற்கருணை முடிந்ததும் குரு பீடத்தில் நின்று கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைப்பதைப் பார்த்து வியக்கிறார். அட, இவரும் நம்மைப்போல் பாத்திரம்தானே கழுவுகிறார்! வழிபாட்டை வீட்டுவேலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும் நல்ல கண் இது. ஆயிரம் பிரசங்கத்தைவிடக் காரியமானதும்கூட. ஆனால் அவர் நிறுத்தும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி போகவேண்டும். குரு கிண்ணத்தைத் துடைத்தார் சரி, அந்தத் துணியைத் துவைப்பது யார்? உலகெங்கும் பங்குக் கோயில்களில் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்புவது பெரும்பாலும் கன்னியரும் பங்கின் பெண்களும். பீடத்தில் நடக்கும் இரண்டு நிமிடக் கழுவல் சடங்கு, பின்கட்டில் நடப்பது வேலை. இரண்டும் ஒன்றே என்று சொல்வதால் பின்கட்டு முன்கட்டுக்கு வந்துவிடாது.

வீடர்கேரிடம் பிரச்சினை வேறு. அவருடைய சித்தரிப்பில் எந்தப் பொருளும் அரைப் பக்கத்துக்குமேல் பொருளாக நீடிப்பதில்லை. ரொட்டித் துணுக்கு அருளாகிறது, மரம் தேவதூதர்களால் நிறைகிறது, உடனே ஒரு செபம் வந்துவிடுகிறது. நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் உடைந்த சல்லடையைக் கோயில் வாசலில் மாட்டும் அவசரம் இதுதான். இவ்வகை எழுத்தில் யாரும் சண்டை போடுவதில்லை, யாருக்கும் முதுகு வலிப்பதில்லை, மாசக்கடைசியில் கரண்ட் பில் வருவதில்லை. இருபது வருஷமாக ஒரே மேசையில் தினமும் சூப்பைச் சத்தமாக உறிஞ்சும் ஒருத்தியைச் சகித்துக்கொள்வதுதான் ஓரிடத்தில் நிலைத்திருப்பேன் என்ற வார்த்தைப்பாட்டின் நிஜ அர்த்தம் என்றால், அந்தச் சத்தம் பிரதியில் கேட்கவேண்டாமா?

பொருளைப் பொருளாகவே விட்டுவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, எழுத்துக்கு வெளியே ஒரு உதாரணம் உண்டு. கனெக்டிகட்டின் பெத்லகேமில் 1947-இல் தொடங்கிய ரெஜினா லாடிஸ் மடத்துக் கன்னியர் நோயெல்லா மார்சலினோ. பிரான்சின் ஓவெர்ன் பகுதிப் பெண் ஒருத்தியிடம் பாலாடைக்கட்டி செய்யக் கற்றவர். பாலை உறையவிட்டது மரத்தொட்டியில். 1985-இல் கலிபோர்னியாவில் கெட்ட பாலாடைக்கட்டியால் சாவுகள் நேர்ந்தபின் சுகாதார அதிகாரிகள் கெடுபிடி செய்ய, மரத்தொட்டி போய் எவர்சில்வர் தொட்டி வந்தது. வந்தபின்தான் கட்டியில் ஈ கோலை கிருமி தலைகாட்டியது. அவர் இரண்டு தொட்டியிலும் பால் ஊற்றி, இரண்டிலும் அந்தக் கிருமியை வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தார். எவர்சில்வரில் கிருமி பெருகியது. மரத்தில் அடங்கிப்போனது. மரத்தின் நுண்துளைகளில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்கள் பாலைப் புளிக்கவைத்து அதை வளரவிடவில்லை. அதிகாரிகள் மரத்தொட்டியை அனுமதித்தார்கள். அவர் பின்னால் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இதில் 'மரத்தொட்டி நம் ஆன்மாவைப் போன்றது' என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். ஓவெர்ன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு, மூடநம்பிக்கை என்று தள்ளப்பட்டு, பின்பு ஒரு கன்னியரின் கவனத்தால் அறிவாகவே மீட்கப்பட்டது என்பதே சேதி. பாத்திரத்தைப் பீடத்துக் கிண்ணம்போல் நடத்துவது என்றால் பாத்திரத்தைத் தெரிந்துகொள்வது. 31-ஆம் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உரையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

7

சிட்டிஸ்டரின் எழுத்திலும் உருவகம் உண்டு, சமயத்தில் உபதேசம் தூக்கலாகவும் இருக்கிறது. ஆனால் அவர் எழுத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடு என்ன செய்தது என்பதையும் சேர்த்தே அவரைப் படிக்கவேண்டும். ஈரி மடத்துக் கன்னியர் 1974 முதல் நகரத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு சமையற்கூடம் நடத்துகிறார்கள். 2001-இல் டப்ளினில் பெண்களுக்குக் குருப்பட்டம் கேட்டு ஒரு சர்வதேச மாநாடு. சிட்டிஸ்டர் அதில் பேசக்கூடாது, மீறினால் தண்டனை என்று அவரைத் தடுக்கும்படி மடத்துத் தலைவி கிறிஸ்டீன் விளாடிமிராஃபுக்கு வத்திக்கான் எழுதியது. தலைவி மறுத்தார். மடத்தின் 128 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் தலைவியின் பதிலில் கையெழுத்துப் போட்டார்கள். சிட்டிஸ்டர் போனார், பேசினார். தண்டனை எதுவும் வரவில்லை.

இந்த மறுப்பை விளாடிமிராஃப் கீழ்ப்படியாமை என்று சொல்லவில்லை, பெனடிக்ட் மரபின் கீழ்ப்படிதலே இதுதான் என்று விளக்கினார். ஒழுங்குநூலின் முதல் சொல் 'கேள்'. கீழிருப்பவர் மேலிருப்பவரைக் கேட்பது மட்டும் அதன் பொருளல்ல. முக்கிய விஷயம் எழும்போது எல்லாரையும் கூட்டி, கடைசியாக வந்த சின்னவனின் பேச்சையும் தலைவர் கேட்கவேண்டும் என்கிறது மூன்றாம் அத்தியாயம். முறைவைத்துச் சமைத்து, முறைவைத்துக் கழுவி, ஒருத்தி பேச மற்றவர் கேட்டு வாழ்ந்துவந்த பழக்கம் ஒருநாள் அரசியல் பலமாக மாறியது. தண்டனை வரக்கூடும் என்று தெரிந்தே வயசான பெண்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை, அவர்கள் பாத்திரம் கழுவிய முறையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அன்றாடம் பற்றிய எந்த ஆன்மிகத்துக்கும் உரைகல் இதுதான் என்பேன். அது சகித்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறதா, சேர்ந்து மறுக்கக் கற்றுக்கொடுக்கிறதா?

இன்னொரு சம்பவம், கான்சாஸ் மாநிலம் அட்சிசன். அங்குள்ள பெனடிக்டைன் கல்லூரி, ஆண் துறவிகளின் கல்லூரியும் மவுண்ட் செயின்ட் ஸ்கொலாஸ்டிக்கா கன்னியரின் பெண்கள் கல்லூரியும் 1971-இல் இணைந்து உருவானது. 2024 மே மாதம் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த கால்பந்து வீரர் ஹாரிசன் பட்கர், பட்டம் வாங்க உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, மனைவியாகவும் தாயாகவும் இல்லத்தரசியாகவும் இருப்பதே தலையாய அழைப்பு என்ற தொனியில் பேசினார். சில நாட்களில் கன்னியர் ஓர் அறிக்கை விட்டார்கள். பெண்ணுக்கு இல்லத்தரசியாவதே உச்சபட்ச அழைப்பு என்ற கருத்தைத் தாங்கள் ஏற்கவில்லை, இது தாங்கள் சேர்ந்து நிறுவிய கல்லூரியின் நோக்கத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று.

வேடிக்கையைப் பாருங்கள். அடுப்படியின் புனிதத்தைப் பற்றி ஆயிரத்து ஐந்நூறு வருஷமாகப் படித்துவரும் பெண்கள்தான், அடுப்படி பெண்ணின் புனிதம் என்ற பேச்சுக்கு முதலில் எதிர்ப்புச் சொல்கிறார்கள். முரண்பாடு மாதிரித் தெரியும், முரண்பாடு இல்லை. வேலை புனிதம் என்பது ஒரு கூற்று. அந்த வேலை உன்னுடையது, உன்னுடையது மட்டுமே என்பது வேறு கூற்று. முதலாவது முறைவைத்து வருகிறது. இரண்டாவது பிறப்பால் வருகிறது. பிறப்பால் ஒரு வேலையை ஒருவர் தலையில் கட்டி, அதற்கு மேன்மையும் கற்பித்துக் கொடுப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

8

இனி என்ன? அமெரிக்கக் கன்னியர் மடங்கள் வயதாகிக்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்கள் கொஞ்சம். பல மடங்கள் மூடப்பட்டன, சில ஒன்றோடு ஒன்று இணைந்தன, பெரிய கட்டடங்களை விற்றுவிட்டுச் சின்ன வீடுகளுக்குப் போனவர்களும் உண்டு. முறைவைத்துச் சமைக்க உடம்பில் தெம்புள்ளவர்கள் குறைந்துபோனதால் சமையலும் துவையலும் முதியோரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைப்பதும் பல இடங்களில் கூலிக்கு வருகிறவர்கள் கைக்குப் போய்விட்டன. முறை என்ற ஏற்பாடே இப்படி உள்ளிருந்து தளர்கிறது. இதில் கன்னியரைக் குறைசொல்ல ஒண்ணுமில்லை. எண்பது வயசில் யார் தேக்சாவைத் தூக்குவது?

ஆனால் பிரதிகளுக்கு இது ஒரு நெருக்கடி. அன்றாடத்தை எழுதுகிறவரும் அன்றாடத்தைச் செய்கிறவரும் இதுவரை ஒரே ஆளாக இருந்தார்கள். அந்த எழுத்துக்கு இருந்த மரியாதையே அதனால்தான் வந்தது. இனி செய்கிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு என்றானால் பழைய இரண்டு வகுப்பு மடம் கூலி உறவாகத் திரும்பி வந்துவிடும். ஒழுங்குநூலின் பட்டியலில் பானைகளுக்கும் கத்திகளுக்கும் இடம் இருந்தது. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் அங்கேயும் சமைக்கிற பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் எந்த இடம் என்று சிட்டிஸ்டரின் வாசகர்கள் கேட்டாகவேண்டும். அவளுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ரொட்டி கொடுக்கிறார்களா, அவள் வாரம் முடிகிறபோது யாராவது அவளுக்காக எழுந்து நிற்கிறார்களா என்பதிலிருந்து அடுத்த புத்தகம் தொடங்கலாம். அதை அவளே எழுதினால் இன்னும் நல்லது.